கொரோலாவிலிருந்து அவுட்பாக்குக்கு: ஒன்ராறியோவில் பாவித்த ஓல் வீல் வேகன் வாங்கும் வழி

இரண்டாவது பிள்ளை பிறந்ததும், அல்லது அம்மம்மா வந்து கூட இருக்கத் தொடங்கியதும், கொரோலாவின் பின் இருக்கை சட்டென்று சுருங்கிவிடும். மினிவானுக்குப் போக மனமில்லை, பெரிய எஸ்யூவிக்குப் பெற்றோல் அடித்துக் கட்டாது என்று நிற்பவர்களுக்குப் பொருத்தமானது நான்கு சில்லும் இழுக்கும், அதாவது ஓல் வீல், வேகன். இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது 2015 முதல் 2019 வரையான சுபாரு அவுட்பாக். ஒன்ராறியோவில் தாராளமாகக் கிடைக்கிறது, பாகங்களுக்கு அலைய வேண்டாம், பிழை எங்கே வரும் என்பதும் தெரிந்த கார். கடதாசி வேலையும் வரியும் வேறு எந்தக் காருக்கும் இதேதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்த மாற்றத்தில் காசை விழுங்குவது பெரும்பாலும் புதுக் காரல்ல, சின்னக் காரில் பழகிய கைதான். ஒரு ரயர் போனால் ஒன்றை மட்டும் மாற்றுவது, எந்த டோ ட்ரக் வந்தாலும் ஏற்றிவிடுவது, எஞ்சின் ஒயில் மாற்றினால் போதும் என்று ஓடுவது எல்லாம் கொரோலா பொறுத்துக்கொண்டவை. ஓல் வீல் கார் பொறுக்காது.

1. ஓல் வீல் உண்மையிலேயே வேண்டுமா?

ஓல் வீல் கார் நகர உதவும், நிற்க உதவாது. பனியில் பிரேக் பிடிக்கும்போது எல்லாக் காரும் ஒன்றுதான், அங்கே வேலை செய்வது ரயர். ஓல் சீசன் ரயர் போட்ட அவுட்பாக்கைவிட, நல்ல வின்டர் ரயர் போட்ட கொரோலா குறைந்த தூரத்தில் நிற்கும்.

ஸ்னோ தள்ளும் வண்டி வருமுன் விடியற்காலை ஷிஃப்டுக்குப் புறப்படுபவர்கள், சரிவான டிரைவ்வே உள்ளவர்கள், பாரி, ஒறில்லியா பக்கம் அடிக்கடி ஓடுபவர்கள் வாங்கலாம். ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் இடையில், உப்புப் போட்ட வீதியில் மட்டும் ஓடுபவருக்கு இடம்தான் குறை என்றால், முன்சில்லு இழுக்கும் பெரிய காரே போதும். மிச்சக் காசு வின்டர் ரயருக்குக் காணும்.

2. காரைப் பார்க்குமுன் வீட்டை அளவெடுங்கள்

2015–19 அவுட்பாக்கின் நீளம் சுமார் 4.82 மீற்றர், அகலம் கண்ணாடிகள் இல்லாமல் 1.84 மீற்றர். அதே காலத்துக் கொரோலாவைவிட 17, 18 சென்ரிமீற்றர் நீளம், ஆறேழு சென்ரிமீற்றர் அகலம் கூட. ரவுன்ஹவுஸ் கராஜில் குப்பைத் தொட்டிகளும் பனி தள்ளும் மெஷினும் நிற்கும் இடத்தைக் கழித்துப் பாருங்கள். கதவைத் திறந்து குழந்தையைத் தூக்க இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிறகு பிள்ளைகளின் கார் சீற். ஒன்ராறியோ சட்டப்படி 9 கிலோ வரை பின்னோக்கிய சீற், 9 முதல் 18 கிலோ வரை முன்னோக்கிய சீற். அதன் பின் எட்டு வயதாகும்வரை, அல்லது 36 கிலோ ஆகும்வரை, அல்லது 145 சென்ரிமீற்றர் வளரும்வரை பூஸ்டர். ஆகவே இன்று வாங்கும் காரில் இந்தச் சீற்றுகள் பல வருடம் இருக்கும். பார்க்கப் போகும்போது உங்களுடைய சீற்றுகளையே கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். பின்னோக்கிய சீற்றுக்கு முன்னால் உயரமானவர் இருக்க முடியுமா? இரண்டு சீற்றுக்கு நடுவில் அம்மம்மா இருந்து பெல்ற் போட முடியுமா? பல குடும்பங்களுக்கு இரண்டாவது கேள்விக்கு விடை "முடியாது". அப்படியானால் உங்களுக்குத் தேவை மூன்று வரிசை, இந்தக் கட்டுரை அல்ல.

டிக்கி சுமார் 1,005 லீற்றர். ஸ்ட்ரோலர், ஒரு கிழமைச் சாமான், இரண்டு அரிசி மூட்டை தாராளமாகக் கொள்ளும். கார் ஓடும்போது கூரையில் 68 கிலோதான் ஏற்றலாம், கூரைப் பெட்டியின் எடையும் அதற்குள் அடக்கம்.

3. எந்த வருடம், எந்த எஞ்சின்

2010–2012 மலிவாக அகப்படும், விட்டுவிடுங்கள். பழைய 2.5 எஞ்சினில் ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு) கசிவு நன்கு அறியப்பட்ட நோய். 2013இல் எஞ்சின் மாறியது. அந்த நோய் போனது, ஆனால் 2013, 2014 கார்களில் எஞ்சின் ஒயில் குடிக்கும் பழக்கம் வந்தது. அமெரிக்காவில் வழக்காகி, உத்தரவாதத்தை நீட்டும் அளவுக்குப் போன விஷயம் அது.

2015–2019இல் இரண்டு எஞ்சின். நான்கு சிலிண்டர் 2.5 உடன் வாங்குங்கள். ஆறு சிலிண்டர் 3.6 உறுதியானதுதான், குடிக்கவும் செய்யும். வருடம் 20,000 கிலோமீற்றர் ஓடுபவர், கொரோலா நூறு கிலோமீற்றருக்கு 7.5 லீற்றர், 2.5 அவுட்பாக் 8.5, 3.6 அவுட்பாக் 10.5 என்று வைத்தால், கொரோலாவைவிட 2.5க்கு வருடம் 200 லீற்றர் கூடும், 3.6க்கு 600 லீற்றர்.

இந்தத் தலைமுறையில் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று சிவிரி எனப்படும், படிப்படியாக மாறாத தானியங்கிக் கியர்பெட்டி. வேகம் குறைந்து நிற்கப் போகும்போது நடுக்கம் வந்தாலோ, எஞ்சின் நின்றுவிடப் பார்த்தாலோ, அந்தக் காரை விட்டு விலகுங்கள். இரண்டாவது பற்றரி. காரைச் சில நாள் நிறுத்தி வைத்தாலே வடிந்துவிடும் முறைப்பாடு அமெரிக்க நீதிமன்றம்வரை போனது. கம்பனி போட்ட சிறிய பற்றரியே இன்னும் இருந்தால், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மூன்றாவது முன் கண்ணாடி. முன்னால் மோதாமல் காக்கும் ஐசைட் முறை உள்ள கார்களில் அதன் கமராக்கள் கண்ணாடியின் பின்னால்தான் இருக்கின்றன. கண்ணாடி மாற்றினால் கமராக்களையும் சீர்செய்ய வேண்டும், பில் நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாக வரும். சின்னக் கல்லடித் தழும்பையும் விரலால் தடவிப் பாருங்கள்.

வேறு என்ன இருக்கிறது? 2017–2019 வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஓல்ட்ராக் ஓட்ட இனிமையான கார், ஆனால் பின் அச்சை இணைக்கும் ஹால்டெக்ஸ் கிளச்சின் ஒயிலையும் டிஎஸ்ஜி எனும் இரட்டைக் கிளச் கியர்பெட்டியின் ஒயிலையும் தவணை தவறாமல் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இருந்தால் மட்டுமே தொடுங்கள். வொல்வோ, அவுடி வேகன்கள் பாவித்த விலையில் ஆசை காட்டும், கராஜ் பில் புதுக் கார் விலையிலேயே வரும்.

4. வரிக் கணக்கு

இங்கேதான் ஆயிரக்கணக்கில் தவறுகிறது. நிதானமாகப் படியுங்கள்.

டீலரிடம் கொரோலாவைக் கொடுத்து அவுட்பாக் எடுத்தால், 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி வித்தியாசத்துக்குத்தான். அவுட்பாக் 22,000 டொலர், கொரோலாவுக்கு 6,000 தருகிறார் என்றால் வரி 16,000க்கு, அதாவது 2,080. கொரோலாவைக் கொடுக்காவிட்டால் 2,860. எனவே டீலர் தரும் 6,000, உங்களுக்கு 6,780 பெறுமதி. வெளியே 6,500க்குத் தனியாரிடம் விற்றுவிட்டு லாபம் என்று நினைப்பவர் 280 டொலர் நட்டப்பட்டிருக்கிறார். விளம்பரம் போட்ட அலைச்சல் வேறு.

தனியாரிடம் வாங்கினாலும் வரி உண்டு. ஓனர்ஷிப் (காரின் பதிவுப் பத்திரம்) மாற்றும்போது, மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோ நிலையத்தில் கட்ட வேண்டும். அங்கே பார்ப்பது நீங்கள் கொடுத்த விலையையும், பாவித்த கார்களின் விலைப் பட்டியலான "ரெட் புக்" காட்டும் மொத்தவிலையையும், இரண்டில் எது கூடவோ அதை. 14,000க்கு வாங்கிய காருக்கு ரெட் புக் 16,000 காட்டினால் 16,000க்குத்தான் 13 வீதம், அதாவது 2,080. பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அது சட்டவிரோதம், மேலே சொன்ன காரணத்தால் பலனும் இல்லை. கார் உண்மையாகவே அடிபட்டு விலை குறைந்திருந்தால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொண்டு போங்கள், அதை ஏற்பார்கள்.

கொரோலாவைப் படிக்கும் மகனுக்கோ மகளுக்கோ காசு வாங்காமல் கொடுப்பதானால் சத்தியக் கடதாசி நிரப்பி வரியில்லாமல் மாற்றலாம். அதற்கு முன் அந்தப் பிள்ளைக்குக் காப்புறுதி எவ்வளவு என்று கேளுங்கள். ஜீ2 (முழு அனுமதிக்கு முந்திய இடைநிலைச் சாரதி அனுமதி) வைத்திருக்கும் பத்தொன்பது வயதுக்காரருக்கு வரும் தொகை, காரின் விலையோடு போட்டி போடும்.

5. காப்புறுதிக்கு முதலில் அழையுங்கள்

கார் பிடித்த பிறகல்ல, பார்க்கத் தொடங்கும்போதே. வருடம், மொடல், எஞ்சின் சொல்லி உங்கள் தபால் குறியீட்டுக்கு விலை கேளுங்கள். ஒரே கார் ஸ்காபரோவிலும் பிரம்ரனிலும் ஒரு விலை, கிங்ஸ்ரனில் வேறு விலை. முன் கண்ணாடிக்குக் காப்பு உண்டா, உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டபிள் எவ்வளவு என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.

வின்டர் ரயருக்குக் கழிவு கொடுப்பது 2016 முதல் ஒன்ராறியோவில் காப்புறுதிக் கம்பனிகளுக்குக் கட்டாயம். தானாக வராது, நீங்கள்தான் கேட்க வேண்டும். ரயர் வாங்கிய பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

காரை மாற்றினால் 14 நாளுக்குள் அறிவித்தால் போதும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதை நம்பி இருக்காமல், திறப்பு கைக்கு வருமுன் அழைத்துச் சொல்லுங்கள்.

6. விற்பவர் யார், கடதாசி எது

தனியார் விற்பனையில் யூவிஐபி என்ற தகவல் பொதியை விற்பவர் கொடுக்க வேண்டும். சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலர். ஒன்ராறியோவில் அந்தக் காரை வைத்திருந்தவர்கள் யார், கடன் பாக்கி உண்டா, ரெட் புக் விலை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கோ" என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

அந்தப் பொதியில் உரிமையாளர் பெயர்களும் திகதிகளும் இருக்கும். கடைசி உரிமையாளர் மூன்று கிழமைக்கு முன்தான் வாங்கியிருக்கிறார் என்றால், உங்கள் முன் நிற்பவர் தனியார் அல்ல, அனுமதி இல்லாமல் கார் வியாபாரம் செய்பவராக இருக்கலாம். தொலைபேசியில் "அந்தக் காரைப் பற்றிக் கேட்க எடுத்தன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "எந்தக் கார்?" என்று பதில் வந்தால் விளங்கிவிடும். ஓனர்ஷிப்பில் உள்ள பெயரும் அவரது சாரதி அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "மச்சானின்ர கார்" என்றால் மச்சான் வரட்டும்.

யூவிஐபி ஒன்ராறியோவுக்கு வெளியே நடந்ததைச் சொல்லாது. கியூபெக்கிலும் அமெரிக்காவிலும் ஓடி வந்த கார்களுக்கு, கடன் விபரத்துடன் கார்ஃபக்ஸ் என்ற கார் வரலாற்று அறிக்கையும் எடுங்கள். அதிலும் காப்புறுதிக்குப் போகாமல் திருத்திய விபத்துகள் வராது.

டீலரிடம் வாங்கினால், விளம்பர விலைக்கு மேல் எச்எஸ்ரியும் இலக்கத்தகட்டுக் கட்டணமும் மட்டுமே சேர்க்கலாம் என்பது மாகாணச் சட்டம். நிர்வாகக் கட்டணம், கண்ணாடியில் இலக்கம் பொறித்தது, ரயருக்கு நைட்ரஜன் அடித்தது என்று கடைசி மேசையில் வரும் வரிகளை வெட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: கையெழுத்துப் போட்டபின் யோசித்துத் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் டீலரிடம் வாங்கும் காருக்கு இல்லை. முற்பணம் கட்டுவதானால் "மெக்கானிக் பரிசோதித்துத் திருப்தியானால் மட்டும்" என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதுவித்த பிறகே கட்டுங்கள்.

7. காரைப் பார்க்கும் நாள்

பகலில், மழையில்லாத நாளில், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது வரும் சத்தத்தை மறைக்கிறார்கள். பிறகு ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, விட்டு, மீண்டும் பாருங்கள்.

அடுத்தது ரயர், இதில் பத்து நிமிடம் செலவழியுங்கள். ரயர் ஆழம் பார்க்கும் சின்ன அளவுகோல் சில டொலர்தான். நான்கும் ஒரே பிராண்டா, ஒரே அளவா என்று பார்த்து, ஒவ்வொன்றிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் ஆழம் எடுத்து எழுதுங்கள். வித்தியாசம் 2/32 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 1.6 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பது ரயர் கடைக் கணக்கு. சுபாருவின் சொந்த அளவு இன்னும் இறுக்கம்: நான்கின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். காரணம் எளிது. தேய்ந்த ரயர் சிறியது, அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால், இரண்டையும் இணைக்கும் கிளச் தட்டுகள் நேர் வீதியிலும் ஓயாமல் உரசித் தேயும். மூன்று பழைய ரயரும் ஒரு புது ரயரும் போட்டு விற்கப்படும் கார், எத்தனை மாதம் அப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாத கார்.

தேய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனை. கார் சூடானபின் வெறும் பார்க்கிங் இடத்தில் ஸ்ரியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து, நடக்கும் வேகத்தில் வட்டம் அடியுங்கள். பிறகு மறுபக்கம். கார் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். யாரோ பிரேக் பிடித்து விடுவதுபோல் விக்கி விக்கிப் போனால் அந்த இணைப்பு கெட்டுவிட்டது.

பின் நெடுஞ்சாலை. 60இலிருந்து 100 வரை போகும்போது வேகத்தோடு கூடிக்கொண்டே வரும் உறுமல், ஸ்ரியரிங்கை லேசாகத் திருப்பினால் மாறினால், சில்லு பெயரிங். அது திருத்தக்கூடியது, விலையில் கழியுங்கள்.

கடைசியாகத் துரு. பின்சில்லு வளைவுகளின் விளிம்பு, அடியில் பின் சட்டம், பிரேக் குழாய்கள். ஒன்ராறியோ உப்பு உள்ளிருந்து தின்னும். வெளியில் கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஓட்டை. அடிப்பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று புதிதாகப் பூசப்பட்டிருந்தால், எதை மறைக்கப் பூசினார்கள் என்று கேளுங்கள்.

8. "சேஃப்டி" இருக்கிறது என்பதில் ஏமாறாதீர்கள்

சேஃப்டி சான்றிதழ் பிரேக், ஸ்ரியரிங், விளக்கு, ரயர் போன்றவை குறைந்தபட்ச அளவில் இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறது. எஞ்சினும் கியர்பெட்டியும் நலமா என்று சொல்லாது. 36 நாளுக்குத்தான் செல்லும். விற்பவரின் நண்பருடைய கராஜில் எடுத்ததாகவும் இருக்கலாம்.

ஆகவே சுபாரு தெரிந்த, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். 150 முதல் 250 டொலர் கேட்பார்கள். ஹொயிஸ்ற்றில் தூக்குதல், கம்பியூட்டரில் பிழைக் குறியீடு படித்தல், குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டனவா என்று பார்த்தல், சிவிரி ஒயிலின் நிறம், பற்றரிச் சோதனை என்ற ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கொண்டுபோக விற்பவர் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடிக்கலாம்.

9. பெயர் மாற்றும் நாள்

காசை வங்கி வரைவாக, முடிந்தால் வங்கிக் கிளையிலேயே வைத்துக் கொடுங்கள். வாங்கிய ஆறு நாளுக்குள் சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போக வேண்டும். கையில் இருக்க வேண்டியவை:

- விற்பவர் கையெழுத்திட்ட ஓனர்ஷிப்பின் வாகனப் பகுதி
- யூவிஐபி, அதிலுள்ள விற்பனைச் சீட்டு நிரப்பப்பட்டு
- சேஃப்டி சான்றிதழ்
- உங்கள் பெயரில் புதுக் காருக்கான காப்புறுதி விபரம்
- சாரதி அனுமதிப்பத்திரம்
- ஓடிய கிலோமீற்றர்
- உங்கள் இலக்கத்தகட்டின் ஓனர்ஷிப் பகுதி

பெயர் மாற்ற மட்டும் 32 டொலர், புதுத் தகடும் வேண்டுமென்றால் 59, வரி தனி. ஒன்ராறியோவில் தகடு காருக்கல்ல, ஆளுக்குச் சொந்தம். கொரோலாவை விற்கும்போது தகட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொரோலா இன்னும் விற்கப்படாமல் வீதியில் ஓட வேண்டியிருந்தால், அதன் தகட்டை அவுட்பாக்குக்கு மாற்ற முடியாது. இரண்டாவது தகடு எடுக்க வேண்டும், அதுவரை இரண்டு காப்புறுதி. இந்த இடைவெளியை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

10. முதல் மாதம்

கொரோலாவின் வின்டர் ரயர் சில்லோடு சேர்த்துக் கிடக்கிறது, அதையே போடலாம் என்று நினைக்க வேண்டாம். 2015க்குப் பிந்திய அவுட்பாக்கின் சில்லு ஐந்து ஆணி, 114.3 மில்லிமீற்றர் வட்டம். அந்தக் காலத்துக் கொரோலா 100. 2010–14 அவுட்பாக்கின் சில்லுகூட இதற்குப் பொருந்தாது. கொரோலாவோடு சேர்த்து அவற்றையும் விற்றுவிடுங்கள். ரயர் அளவு, 2.5இன் சாதாரண ட்ரிமுக்கு (மொடலின் தரத்துக்கு) 225/65ஆர்17, மேல் ட்ரிமுக்கு 225/60ஆர்18. ஓட்டுநர் கதவோரச் சீட்டைப் பார்த்தே வாங்குங்கள். மூன்று சிகர மலையும் பனிப்படிகமும் பொறித்த ரயராக இருக்க வேண்டும். நான்கு ரயரும் இரும்புச் சில்லும் சேர்ந்து ஆயிரம் டொலருக்குக் குறைய வருவது அரிது. நவம்பரில் முதல் ஸ்னோ கொட்டிய மறுநாள் கடையில் இடம் கிடைக்காது, ஒக்ரோபரிலேயே நாள் குறியுங்கள்.

2.5 எஞ்சினுக்கு ஒயில் 0டபிள்யூ-20, 4.8 லீற்றர். சிவிரி ஒயிலுக்குக் கையேட்டில் "சோதிக்கவும்" என்று மட்டும் இருக்கும். விற்றவரிடம் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லை, கார் 100,000 கிலோமீற்றர் தாண்டிவிட்டது என்றால் மாற்றிவிடுங்கள், சுபாருவின் சொந்த ஒயிலால் மட்டும். துருவுக்கு எண்ணெய் அடிப்பதும் இந்த மாதத்தில், அதன் பின் வருடம் ஒரு முறை.

ரயரில் ஆணி ஏறினால் ஒட்டக்கூடியதா என்று முதலில் பாருங்கள். ஒட்ட முடியாமல், மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்தால், நான்கும் வாங்க வேண்டும். அதற்காக இப்போதே ஒரு தொகையை ஒதுக்குங்கள். சிறிய உபரிச் சில்லைப் போட்டு வேலைக்குப் போய் வராதீர்கள், அது கராஜ்வரை மட்டும்.

கார் வழியில் நின்றுவிட்டால், டோ ட்ரக்குக்கு அழைக்கும்போதே "ஓல் வீல், ஃபிளாற்பெட் அனுப்புங்கோ" என்று சொல்லுங்கள், முழுக் காரையும் மேடையில் ஏற்றும் ட்ரக் அது. முன்சில்லை மட்டும் தூக்கி இழுக்கும் ட்ரக் வந்தால் ஏற்ற விடாதீர்கள். பின்சில்லு உருளும்போது கியர்பெட்டியும் சேர்ந்து சுற்றும், அப்படி இழுத்தால் கெடுவது அந்த ஓல் வீல் இணைப்புத்தான். இந்த வரியை ஒரு துண்டில் எழுதி, ஓனர்ஷிப்போடு டாஷ்போர்ட் பெட்டியில் வையுங்கள். இரவில் 401 நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பது நீங்களாக இல்லாமல், உங்கள் மனைவியாகவோ மகனாகவோ இருக்கலாம்.